ஆடி போகட்டும் என்றார் வக்கீல்

மஞ்சள் காமாலை எப்படி வருகிறது என்று டாக்டரைக் கேட்டால் தண்ணீர், கிருமி, கல்லீரல் என்று ஏதேதோ சொல்வார். பாவம், அவருக்குச் சட்டம் தெரியாது. பெங்களூர் கோர்ட்டுகளில் தலை நரைக்கும் வரை நான் கண்டது வேறு. அப்பீல் போடும் கெடு என்றைக்கு முடிகிறதோ, அதற்கு மறுநாள் காலையில் கட்சிக்காரருக்குக் காமாலை வரும். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு டைப் ஆகும் நாளில் சுத்தமாகக் குணமாகிவிடும். பத்தியம் கிடையாது, கீழாநெல்லி கிடையாது. ஒரு டாக்டர் சர்டிபிகேட், ஒரு நோட்டரி முத்திரை, அவ்வளவுதான் வைத்தியம்.

புதிதாகக் கறுப்புக் கோட்டு மாட்டியிருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை சொல்லும்படி வக்கீல் சங்கத்தில் கேட்டுக்கொண்டார்கள். கோர்ட் மாடிப்படிகள் இனி வேண்டாம் என்று முழங்கால் சொன்னதால் தொழிலை விட்டவள் நான்; ஞானம் முற்றிப்போய் விட்டவள் இல்லை. எனவே பொன்மொழிகளை எதிர்பார்க்காதீர்கள். எந்தப் பிரிவை எங்கே சொருகுவது, எந்தத் தீர்ப்பை யார் முன்னால் படிப்பது என்பதையெல்லாம் உங்கள் செல்போனே சொல்லித் தரும். என்னிடம் இருப்பது ஒரே ஒரு கேஸ். குடும்ப நீதிமன்றத் தீர்ப்பின் மேல் அப்பீல் போக வேண்டிய கெடுவைத் தவறவிட்ட கேஸ். தவறவிட்டது நான் இல்லை. அதனால்தான் இவ்வளவு தைரியமாகப் பேசுகிறேன்.

ஸ்டெல்லா கோலார் தங்கவயல் பெண். அவள் அப்பா சுரங்கத்தில் வேலை செய்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாரையும் போல அவளும் பெங்களூருக்கு ரயிலேறினாள். இங்கேயே கல்யாணம், ஒரு பெண் குழந்தை, பிறகு விவாகரத்து. ஈஜிபுராவில் ஒற்றை அறை வாடகை வீடு, ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மகள் ஜெனி ஒன்றாம் வகுப்பு படித்தாள்.

அந்தக் குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதுதான் வழக்கு. புருஷனுக்குச் சந்தாபுராவில் சொந்த வீடு, வீட்டில் அவன் அம்மா, கல்யாணமாகாத அக்கா. ஸ்டெல்லா ஷிஃப்டுக்குப் போய்விட்டால் குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரிதானே பார்க்கிறாள் என்று அவர்கள் தரப்பில் கேட்டார்கள். நீதிபதிக்கு அது நியாயமான கேள்வியாகப் பட்டது போலும். குழந்தை அப்பாவிடம் இருக்கட்டும் என்று தீர்ப்பு வந்தது. நடுவில் படிப்பு கெட வேண்டாம், தசரா லீவு விடும் நாளில் ஒப்படைத்தால் போதும் என்று ஒரு சலுகையும் இருந்தது. அப்பா வேலைக்குப் போனால் அது யோக்கியதை, அம்மா வேலைக்குப் போனால் அது குறை. இது என்ன நியாயம் என்று ஹைகோர்ட்டில் கேட்டிருக்கலாம். கேட்பதற்கு முப்பது நாள் இருந்தது.

அவளுடைய வக்கீல் நம் ஆள்தான். பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் போய் ஆசீர்வாதம் வாங்கிக்கொள்வீர்கள். தமிழர், நல்ல மனிதர், கணீரென்ற குரல், காருக்கு முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கும். தீர்ப்பு வந்த வாரமே ஸ்டெல்லா அவர் ஆபீஸில் போய் நின்றாள். அது கன்னட ஆஷாட மாதம் பிறந்த வாரம். ஆஷாடத்தில் புதிதாக எதையும் தொடங்கக்கூடாது, முடியட்டும் என்றார். சரி, முடிந்தது. ஆனால் அது முடிவதற்குள் தமிழ் ஆடி பிறந்துவிட்டது. மைசூரில் இருப்பவர் ஆஷாடம் பார்ப்பார், ஓசூரில் இருப்பவர் ஆடி பார்ப்பார். இரண்டையும் ஒன்றன் பின் ஒன்றாகக் கட்டிக்கொண்டு அழும் பாக்கியம் பெங்களூர்த் தமிழனுக்கு மட்டுமே வாய்த்தது. காலவரையறைச் சட்டத்தை எழுதியவர்கள் அந்தப் பாக்கியம் இல்லாதவர்கள். அவர்கள் வெறும் நாட்களை எண்ணினார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் ஸ்டெல்லா கிறிஸ்தவப் பெண். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். ஆடி அவளை ஒன்றும் செய்யாது. ஆடி வக்கீலுக்குத்தான். முந்தின வருஷம் ஆஷாடத்தில் அவர் தாக்கல் செய்த அப்பீல் தோற்றுவிட்டதாம். பங்குனியில் தாக்கல் செய்தவையும் தோற்றிருந்தன. ஆனால் பங்குனி நல்ல மாதமாயிற்றே, அதன்மேல் எப்படிப் பழி போடுவது?

வாரம் தவறாமல் அவள் போன் செய்தாள். வாரம் தவறாமல் அவர், "ஆடி போகட்டும்மா" என்றார். ஆடி போயிற்று. கூடவே கெடுவும் போயிற்று. தீர்ப்பின் நகல் வாங்க ஆன நாட்களைக் கழித்துப் பார்த்தாலும் கதை முடிந்திருந்தது. ஆவணி பிறந்ததும் நம் நண்பர் பிரமாதமான முகூர்த்தத்தில் பைலைத் திறந்தார். "ஒண்ணும் பயப்படாதே, உனக்கு ஜாண்டிஸ் போட்டுடலாம்" என்றார், டீக்குச் சர்க்கரை போடுகிற மாதிரி. அவருடைய கம்ப்யூட்டரில் காமாலை எப்போதும் தயாராக இருக்கும். பெயரையும் வயதையும் மாற்றினால் போதும். அவசரத்தில் மற்றதை மாற்ற மறந்துவிட்டார். அவர் கொடுத்த பிரமாணப் பத்திரத்தின் இரண்டாவது பக்கத்தில் ஸ்டெல்லாவுக்குப் புராஸ்டேட் ஆபரேஷனும் நடந்திருந்தது.

அந்தக் காகிதத்தோடுதான் அவள் என்னிடம் வந்தாள். என்னுடைய பழைய கட்சிக்காரி ஒருத்தி அழைத்து வந்தாள். தொழிற்சாலைச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் மடித்த காகிதம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் ஒரு நாள் கூட லீவு போடல மேடம். இதுல படுத்த படுக்கையா கெடந்தேன்னு போட்டுகீது. பொய்யின்னு தெரியும். கையெழுத்து போட்டா பாப்பா என்கிட்ட இருப்பாளா, அத்த மட்டும் சொல்லுங்க. போட்டுடறேன்."

கவனித்தீர்களா? உத்தமி வேஷம் போடவில்லை அவள். குழந்தைக்காகப் பொய்ச் சத்தியம் செய்யத் தயாராக வந்திருந்தாள். அது பலிக்குமா என்று மட்டும் கேட்டாள். இப்படி ஒரு கட்சிக்காரர் எதிரே நிற்கும்போது நம் தொழிலில் சுலபமான வேலை எது தெரியுமா? பேனாவை எடுத்துக் கொடுப்பது. பொய் அவளுடையது, கையெழுத்து அவளுடையது, ஃபீஸ் நம்முடையது. நானும் பலருக்குக் காமாலை வைத்தியம் பார்த்தவள்தான். அன்றைக்கு மட்டும் அரிச்சந்திரன் என் உடம்பில் வந்து இறங்கிவிடவில்லை. என்னைத் தடுத்தது ஒழுக்கம் இல்லை, அந்தக் கேஸ்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புருஷன் தரப்பு முதல் நாளிலிருந்து சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அந்த வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இப்போது நாமே போய், இந்த அம்மா வாரக்கணக்கில் எழுந்திருக்க முடியாமல் ஒற்றை அறையில் ஒட்டுவாரொட்டி நோயோடு கிடந்தாள், பக்கத்தில் ஒன்றாம் வகுப்புக் குழந்தை இருந்தது என்று சத்தியம் செய்து கொடுக்கிறோம். எதிர் வக்கீல் வாதாடவே வேண்டியதில்லை. நம் காகிதத்தை உரக்கப் படித்துவிட்டு உட்கார்ந்தால் போதும். சரி, காமாலை பொய் என்று நிரூபிக்க விரும்பினால் அதுவும் கஷ்டமில்லை. தொழிற்சாலையில் அவள் தினமும் வருகைப் பதிவு மெஷினில் விரல் வைத்து உள்ளே போயிருக்கிறாள். நிஜம் என்று எடுத்தாலும் குழந்தை போச்சு, பொய் என்று எடுத்தாலும் குழந்தை போச்சு. கெடுவைக் காப்பாற்றப் போய் கேஸைக் கொல்வது என்பது இதுதான். அன்றாடம் எழுதுகிற பொய் என்பதால் இந்தக் கேஸில் அது என்ன செய்யும் என்று நம் நண்பர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

ஆகவே உண்மையை எழுதுவது என்று முடிவு செய்தேன். வக்கீல் ஆடி போகட்டும் என்றார், நம்பிக் காத்திருந்தேன். இரண்டே வரி. ஆனால் உண்மையில் ஒரு சிக்கல் உண்டு. அதில் பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

பழைய வக்கீல் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போடாமல் அவருடைய கட்சிக்காரரை நாம் எடுப்பதில்லை. சட்டம் அப்படிச் சொல்கிறதா என்று கேட்காதீர்கள். சம்பந்தி வீட்டு மரியாதை மாதிரி, நாம் மீறாத வழக்கம் அது. போதாக்குறைக்குத் தீர்ப்பின் நகலும் மற்றக் காகிதங்களும் அவரிடம்தான் இருந்தன. கோர்ட் கேண்டீனில் போய் அவர் எதிரே உட்கார்ந்தேன். கையெழுத்துக்குத் தடையில்லை, ஆனால் காமாலையை மாற்றக்கூடாது என்றார். மாற்றுவதாக இருக்கிறேன் என்றேன். ஆடி என்று எழுதப்போகிறீர்களா என்று கேட்டார். ஆமாம், உங்கள் பெயர் வராது, முந்தைய வக்கீல் என்று மட்டும் வரும் என்றேன். அவர் வடையைத் தட்டில் வைத்துவிட்டார். அவர் வடையைப் பாதியில் வைத்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"ஒரு வக்கீலுக்கு எதிரா இன்னொரு வக்கீல் எழுதறதா? இத்தனை வருஷத்துல இப்படி யாராவது பண்ணியிருக்காங்களா மேடம்? நாளைக்கு உங்களுக்கும் ஒரு கெடு தவறும். அப்ப நான் இருப்பேன், பாத்துக்குங்க."

அவர் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை. சங்கத் தேர்தலில் நிற்க இருந்தார். நான் புதிதாக வந்தபோது, பெண் வக்கீலுக்கு நாற்காலி கூடத் தர மாட்டேன் என்ற கூட்டத்தில் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தவரும் அவர்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் சக வக்கீலின் மானத்தையும் ஒரு குழந்தையையும் தராசில் வைத்தால் நம் சங்கத்தில் எந்தத் தட்டு கீழே இறங்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் நியாயம் பேசவில்லை. காமாலைக்கு வைக்கும் டாக்டர் சர்டிபிகேட் பொய் என்று ஆகிவிட்டால், அதை வாங்கிக் கொடுத்தது யார் என்று நீதிபதி ஸ்டெல்லாவைக் கேட்பாரே, அவளுக்கு மறைக்கத் தெரியாதே என்று மட்டும் வருத்தமாகச் சொன்னேன். மனசாட்சியைத் தட்டினால் திறக்காத கதவுகள் பயத்தைத் தட்டினால் திறக்கும்.

கையெழுத்துப் போடச் சம்மதித்தார். ஆனால் உடனே போடவில்லை. அது ராகு காலம். முடியும் வரை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து இன்னொரு டீ குடித்தோம். தமாஷுக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரு குழந்தையின் கெடுவை இரண்டு மாதத்தில் கரைத்த கை, அன்றைக்கும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பேனாவைப் பிடித்திருந்தது.

ஹைகோர்ட்டில் மனு போட்டோம். தாமதத்தை மன்னித்தால்தான் அப்பீல் என்று ஒன்று உண்டாகும். அப்பீல் உண்டானால்தான் குழந்தையை ஒப்படைக்கும் உத்தரவுக்குத் தடை கேட்க முடியும். எதிர் வக்கீல் விவரமானவர். பதில் சொல்ல அவகாசம் வேண்டும் என்று பணிவாகக் கேட்டார், கிடைத்தது. தசரா விடுமுறைக்குப் பிறகு வாருங்கள் என்று தேதி போட்டார்கள். தசராவுக்குத்தானே குழந்தையைக் கொடுக்க வேண்டும் என்று நான் எழுந்து சொன்னேன். கெடு தாண்டி வந்தவர்களுக்கு அவசரம் வரலாமா என்று எதிர் வக்கீல் கேட்டார். கோர்ட் ஹாலில் சிலர் சிரித்தார்கள்.

லீவு விடுவதற்கு முந்தின வாரம் நம் பழைய நண்பர் எனக்குப் போன் செய்தார். உண்மையான அக்கறையோடுதான். குழந்தையைத் தங்கவயலுக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள், காய்ச்சல், பயணம் முடியாது என்று சொல்லிவிடலாம், தெரிந்த டாக்டர் இருக்கிறார் என்றார். அதாவது நோயை அம்மாவிடமிருந்து எடுத்துக் குழந்தைக்கு வைக்கிற வைத்தியம். ஸ்டெல்லாவுக்கும் அதே எண்ணம் இருந்தது. பையைக்கூடக் கட்டி வைத்திருந்தாள். என்னிடம் வந்து, கொடுத்துத்தான் ஆக வேண்டுமா என்று கேட்டாள்.

கொடுத்துவிடு என்றேன். உத்தரவை மதிக்காதவள் என்று பெயர் வாங்கிவிட்டால், தாமதத்தை மன்னியுங்கள் என்று கேட்க நமக்கு வாய் இருக்காது. பொய் சொல்லவில்லை, ஓடவில்லை, அந்த இரண்டைத் தவிர நம் கையில் வேறொன்றும் இல்லை என்று விளக்கினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

"வக்கீலு சொன்னத கேட்டுக்கினுதான் மேடம் இங்க வந்து நிக்கறேன்" என்றாள்.

நம் தொழிலில் எத்தனையோ குறுக்கு விசாரணை பார்த்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமான ஒன்றைக் கண்டதில்லை. மேசை மேல் இருந்த கோப்பைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தேன். அவள் போய்விட்டாள். சொன்னதைச் செய்வாளா, ரயிலேறிவிடுவாளா என்று தெரியவில்லை. லீவு விட்ட அன்று மாலை சந்தாபுராவிலிருந்து போன் செய்தாள். விட்டுட்டேன் மேடம் என்றாள். பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல். போனை வைத்துவிட்டாள்.

அந்த விடுமுறை முழுக்க நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். கடமையைச் செய்தோம், பலன் பார்க்கக் கூடாது என்றெல்லாம் சொல்பவர்கள் அடுத்தவர் குழந்தையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். என் கணக்கு தப்பினால் அந்தக் குழந்தை வராது. எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒருவழியாக விசாரணை வந்தது. ஆனால் எதிர் வக்கீலுக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. அடுத்த தேதியில் அவருடைய சீனியர் ஊரில் இல்லை. பார்த்தீர்களா, வக்கீல்களுக்கு வரும் நோய்க்கு சர்டிபிகேட் கூட வேண்டியதில்லை. தீபாவளியும் போயிற்று. கடைசியில் ஒரு நாள் அவருக்குத் தொண்டை திறந்தது. ஆடி மாதம் என்பது தாமதத்துக்குப் போதுமான காரணம் ஆகாது, அதுவும் ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்கு எப்படி ஆகும் என்று கேட்டார். நல்ல வாதம். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையே கேட்டிருப்பேன்.

நீதிபதி ஸ்டெல்லாவை முன்னால் வரச் சொன்னார். உனக்கு ஆடி நம்பிக்கை உண்டா என்று கன்னடத்தில் கேட்டார். இல்லை என்றாள். பிறகு ஏன் காத்திருந்தாய் என்றார். எனக்குச் சட்டம் தெரியாது, அவருக்குத் தெரியும் என்று நினைத்தேன் என்று கன்னடத்திலேயே சொன்னாள். அழவில்லை, கும்பிடவில்லை. நீதிபதி காகிதங்களைப் புரட்டினார். இந்த மேசைக்கு வந்த காமாலைகளைக் கணக்கு வைக்கவே முடியாது, ஆடி இப்போதுதான் முதல் தடவையாக வருகிறது என்றார். பிறகு எதிர் வக்கீலைப் பார்த்து, குழந்தையைச் சொன்ன நாளில் ஒப்படைத்தார்களா என்று கேட்டார். ஆம் என்று சொல்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

தாமதம் மன்னிக்கப்பட்டது. அப்பீல் முடியும் வரை குழந்தை அம்மாவிடம் இருக்கட்டும், வார இறுதியில் அப்பா பார்க்கட்டும் என்று உத்தரவானது. அப்பீலும் பின்னால் எங்கள் பக்கமே முடிந்தது. நம் நண்பர் சங்கத் தேர்தலில் ஜெயித்தார். அதற்குப் பிறகு என்னோடு டீ குடிக்கவில்லை. வக்கீல் செய்த தவறுக்குக் கட்சிக்காரர் தண்டனை அனுபவிக்கக் கூடாது என்று தாமதத்தை மன்னித்த உத்தரவில் அழகாக ஒரு வரி இருந்தது. உங்களுக்கும் எப்போதாவது உதவும், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தையைக் கோர்ட் வளாகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றும் அதே உத்தரவில் இருந்தது. அப்பாதான் கூட்டிவந்தான். அவனும் ஒழுங்காகத் தூங்கியவன் மாதிரி இல்லை. புது ஷூ வாங்கிக் கொடுத்திருந்தான். குனிந்து அதன் பட்டையைச் சரிசெய்துவிட்டு, நகர்ந்து நின்றான். ஸ்டெல்லா கையை நீட்டினாள். ஜெனி போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் வந்துடுவேன்னு சொன்னியேம்மா. ஏன் வரல?"

ஸ்டெல்லா முட்டி போட்டு உட்கார்ந்தாள். "அம்மா மேல தப்பு இல்ல பாப்பா. வக்கீலு லேட் பண்ணிட்டாங்க" என்றாள்.

குழந்தை சுற்றிலும் பார்த்தது. அந்த நேரத்தில் அந்த வராந்தாவில் கறுப்புக் கோட்டோடு நின்றது நான் ஒருத்திதான். என்னிடம் வந்து நிமிர்ந்து பார்த்தது.

"நீங்களா ஆன்ட்டி?"

ஸ்டெல்லா பதறி, இவங்க இல்ல பாப்பா என்று சொல்ல வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். முந்தைய வக்கீல் வேறு, இந்த வக்கீல் வேறு என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தையிடம் என்ன விளக்குவது? அதற்குக் கோட்டு ஒன்றுதானே.

"ஆமா கண்ணு, நான்தான்."

"ஏன்?"

அடுத்தவர்களுடைய தாமதத்துக்குக் காரணம் சொல்லியே பிழைத்தவள் நான். எவ்வளவு காரணம் எழுதியிருப்பேன், எத்தனை நீதிபதிகள் தலையாட்டியிருப்பார்கள். அன்றைக்கு ஒரு காரணமும் வாயில் வரவில்லை. ஜெனி கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். பிறகு திரும்பிப் போய் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, படி இறங்கி, பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.